பாலர்பள்ளியில் மாற்று ஆசிரியையாகப் பணியாற்றப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புறப் பட்டணத்தில் பாலர்பள்ளி ஆசிரியை ஒருவர் மகப்பேற்று விடுப்பில் செல்லும்போதோ, டிங்கிக் காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்படும்போதோ, அவருடைய இடத்தில் நிற்க ஆள் தேடுவது பெரும்பாடாகிவிடுகிறது. பயிற்சி பெற்ற இளையோர் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு மேற்படிப்புக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கோ, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு வீட்டிலிருக்கும் தாய்க்கோ, பணி ஓய்வு பெற்ற ஆசிரியைக்கோ திடீரென்று ஓர் அழைப்பு வரும்: "டீச்சருக்கு உடம்பு சரியில்லை, நீங்கள் வந்து வகுப்பைப் பார்த்துக்கொள்ள முடியுமா?" அப்படி அழைக்கப்படுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நானும் அப்படித்தான் இந்த வேலைக்குள் வந்தேன். தனியார் பாலர்பள்ளிகளிலும் தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்புகளிலும் சில நாள், சில வாரம், சில மாதம் என்று நின்றிருக்கிறேன். இதில் நான் உறுதியாகப் பற்றிக்கொண்டது ஒன்றே. மாற்று ஆசிரியை புதிதாக எதையும் சாதித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆசிரியை மாறினாலும் பிள்ளையின் நாள் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும், வேலை முழுமையாக நடந்ததாகவே பொருள்.

எந்த வகை நிலையம் என்று முதலில் கேளுங்கள்

ஊரில் எல்லாவற்றையும் 'பாலர்பள்ளி' என்றே அழைத்தாலும், அவற்றை நடத்துவோரும் கட்டுப்படுத்தும் சட்டங்களும் வேறு வேறு. தமிழ்ப்பள்ளி வளாகத்துக்குள் இருக்கும் பாலர் வகுப்பு கல்வி அமைச்சுக்கு உரியது. அங்கே ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள் வரை இருப்பார்கள். ஓர் ஆசிரியரும், பிபிஎம் என்று அழைக்கப்படும் மாணவர் நிர்வாக உதவியாளர் ஒருவரும் பணியில் இருப்பார்கள். அங்கு நீண்ட விடுப்புக்கு மாற்று ஆசிரியரை அமர்த்துவது தலைமையாசிரியர் தனியாக முடிவு செய்யும் காரியம் அன்று. அது கல்வி இலாகா வழியாக நடக்கும். சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பள்ளிகளுக்குக் கோலகங்சார் மாவட்டக் கல்வி அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும்.

கெமாஸ் என்னும் சமூக மேம்பாட்டு இலாகாவின் பாலர்பள்ளிகள் ஊரக வளர்ச்சி அமைச்சின் கீழும், தாபிகா பெர்பாடுவான் எனப்படும் ஒற்றுமைப் பாலர்பள்ளிகள் ஒற்றுமைத் துறையின் கீழும் இயங்குகின்றன. கடைவீடுகளிலும் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளிலும் நடக்கும் தனியார் பாலர்பள்ளிகள், அதாவது தாடிகாக்கள், 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி பதிவு பெற்றவையாக இருக்க வேண்டும். புதியவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வாய்ப்பு இவற்றில்தான் கிடைக்கிறது.

நான்கு வயதுக்கும் குறைந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நிலையம் தாஸ்கா. அது 1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்துக்கு உட்பட்டு, சமூக நல இலாகாவில் பதிவு செய்யப்படுவது. முந்தைய தலைமுறை தோட்டத்தில் ஆயாக்கொட்டகை என்று அறிந்திருந்ததன் இன்றைய வடிவம் அதுதான் என்றாலும், இன்றைக்கு அதற்கென்று கணக்குகள் உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் 3 பேருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்று முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகள் 5 பேருக்கு ஒருவர், மூன்று முதல் நான்கு வயது வரையிலானோர் 10 பேருக்கு ஒருவர் என்பது விதி. இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களை மட்டும் எட்டுக் கைக்குழந்தைகளோடு விட்டுவிட்டு மற்றவர்கள் வெளியே போனால், அது உங்கள் திறமைக்கு வைக்கும் சோதனை அன்று, விதிமீறல். மறுத்துப் பேச உங்களுக்கு உரிமை உண்டு.

தாள்களை முன்கூட்டியே தயாராக வையுங்கள்

அழைப்பு வந்தபிறகு சான்றிதழைத் தேடி அலமாரியைக் கவிழ்ப்பதில் பயனில்லை. அடையாள அட்டை, எஸ்பிஎம் சான்றிதழ், பாலர் கல்வியில் டிப்ளோமா முதலிய தகுதிகள் இருந்தால் அவை, இவற்றின் நகல்களோடு கடப்பிதழ் அளவுப் புகைப்படம், வங்கிக் கணக்கு எண், ஊழியர் சேமநிதி எண் ஆகியவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். உணவு பரிமாறும் வேலையும் உங்களிடம் வரும் என்றால் டைபாய்டு தடுப்பூசி போட்டதற்கான அட்டையைக் கேட்கலாம்.

இவற்றைவிட முக்கியமானது கற்பிக்கும் அனுமதி. பதிவு பெற்ற ஆசிரியராக இல்லாதவர், கல்விச் சட்டத்துக்கு உட்பட்ட நிலையத்தில் கற்பிப்பதற்குப் 'பெர்மிட் மெங்காஜார்' பெற்றிருக்க வேண்டும். அது ஒரே நாளில் கைக்கு வருவதில்லை. ஆகவே எந்த நிலையத்துக்கு மாற்று ஆசிரியையாகப் போக விரும்புகிறீர்களோ, அந்த நிலைய நடத்துநரிடம் யாரும் விடுப்பு எடுப்பதற்கு முன்பே பேசி, அவர் வழியாக விண்ணப்பித்துவிடுவது நல்லது. தாஸ்காவில் தொடர்ந்து வேலை செய்ய எண்ணுகிறவர்கள், சமூக நல இலாகா ஏற்கும் பெர்மாத்தா குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியைப் பற்றி அங்கேயே கேட்டறியலாம்.

பிள்ளைகளுக்கு எதிரான குற்றங்களில் தண்டனை பெற்றவர்களின் பதிவேடு ஒன்றைச் சமூக நல இலாகா வைத்திருக்கிறது. அதில் உங்கள் பெயரைச் சோதித்துப் பார்க்க ஒரு நிலையம் உங்கள் சம்மதத்தைக் கேட்டால், மனம் வருந்தாமல் கொடுங்கள். சொந்தக்காரரின் மகள், கோயில் கமிட்டிக்காரரின் மருமகள் என்று ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக இருப்பதால், இங்கே இந்தச் சோதனையை அவமதிப்பாக நினைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், அதைக் கேட்கும் நிலையத்தைத்தான் நம்பிப் போகலாம்.

சம்பளத்தை எழுத்தில் பெறுங்கள்

மகப்பேற்று விடுப்பு தனியார் துறையில் 2023 ஜனவரி முதல் 98 நாள். அந்த இடத்துக்குப் போகிறவர் மூன்று மாதத்துக்கு மேல் வேலை செய்யப் போகிறார். ஒரு மாதத்தைத் தாண்டும் வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்டு முதல் சிறு நிலையங்களுக்கும் அது பொருந்தும். தற்காலிக வேலை என்றாலும் சேமநிதிக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்கும் பணம் கட்டத்தான் வேண்டும். நான் ஒருமுறை ஓர் இடத்தில் வாய்ப்பேச்சை நம்பி ஆறு வாரம் வேலை செய்துவிட்டு, பேசிய சம்பளத்தை வாங்குவதற்கு மூன்று மாதம் நடந்தேன். 'தெரிந்தவர்கள்தானே, எப்படி எழுதிக் கேட்பது' என்று கூச்சப்பட்டதன் விளைவு அது.

அழைப்பு வந்ததும் கேட்க வேண்டியவை

எத்தனை பிள்ளைகள், என்ன வயது, உதவியாளர் யார், எத்தனை மணிக்குக் கதவு திறக்கும் என்ற கேள்விகளை எல்லாரும் கேட்பார்கள். இவற்றோடு இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, எந்தப் பிள்ளைக்கு எந்த உணவு ஆகாது, யாருக்கு ஆஸ்துமா அல்லது வலிப்பு உண்டு என்பது. இரண்டாவது, எந்தப் பிள்ளையை யார் வந்து அழைத்துச் செல்லலாம் என்ற பட்டியல் எங்கே இருக்கிறது என்பது. மூன்றாவது, விடுப்பிலுள்ள ஆசிரியையோடு பத்து நிமிடம் தொலைபேசியில் பேச முடியுமா என்பது. மருத்துவமனையில் இருப்பவரைத் தொந்தரவு செய்யலாகாது என்பது உண்மைதான். ஆனாலும் முடிந்தவரையில் அந்தப் பத்து நிமிடத்தைப் பெற முயலுங்கள். அவரிடம் பாடத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம், அது பாடக்குறிப்பில் இருக்கும். காலையில் முதல் அரை மணி நேரம் என்ன நடக்கும், பிள்ளைகளை எந்தப் பாட்டுப் பாடி வட்டமாக உட்கார வைப்பார், அழுகிற பிள்ளையை எப்படித் தேற்றுவார் என்று கேளுங்கள்.

முதல் நாள் காலை

கதவு திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பால்மரம் வெட்டும் வீடுகளிலும், ஈப்போவில் தொழிற்சாலைக் காலை ஷிப்டுக்குப் போகும் வீடுகளிலும் பிள்ளைகளை இருட்டோடு எழுப்பிவிடுகிறார்கள். வேனில் முதலில் ஏறுகிற பிள்ளை எல்லா வீடுகளையும் சுற்றிக்கொண்டு, அரைத் தூக்கத்தோடு பள்ளிக்கு வந்து இறங்குகிறது. அது வரும்போது நீங்கள் சாவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உதவியாளரை அக்கா என்று அழைத்து அவரிடம் முதலில் பேசுங்கள். சான்றிதழ் உங்களிடம் இருக்கலாம், வகுப்பு அவரிடம்தான் இருக்கிறது. எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வரும், எந்தப் பாட்டிக்குக் காது கேட்காது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

நான் மாற்று ஆசிரியையாக நின்ற ஒரு வகுப்பில், முதல் நாள் ஐந்து வயதுப் பையன் ஒருவன் புத்தகப்பையை முதுகிலிருந்து இறக்க மறுத்துவிட்டான். அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. பையோடு வந்து வட்டத்தில் உட்கார்ந்தான், பையோடு பால் குடித்தான், சறுக்குமரத்தில் ஏறவும் பையோடுதான் போனான். அவன் புதிய ஆசிரியையிடம் பழக வெட்கப்படுகிறான் என்று நான் எண்ணிக்கொண்டு, இரண்டு முறை இனிப்பாகப் பேசி வாரை அவிழ்க்கப் பார்த்தேன். அவன் இரண்டு கையாலும் வாரைப் பிடித்துக்கொண்டான். இடைவேளையில் அக்காதான் சுவரைக் காட்டினார். பை மாட்டும் கொக்கிகளுக்கு மேலே ஒவ்வொரு விலங்கின் படம் ஒட்டியிருந்தது. பிள்ளைகள் வருமுன் அறையைப் பெருக்கிய நான், கீழே கழன்று கிடந்த படங்களை எடுத்து, கண்ட இடத்தில் ஒட்டிவிட்டிருந்தேன். அவனுடைய யானை இருந்த இடத்தில் இப்போது முயல் இருந்தது. யானையை எடுத்து அதன் பழைய இடத்தில் ஒட்டினேன். அவன் வந்து நின்று பார்த்தான், பையை இறக்கி மாட்டினான், யானையின் தும்பிக்கையை ஒருமுறை விரலால் தடவிவிட்டு விளையாடப் போனான்.

அன்றிலிருந்து நான் எந்த வகுப்புக்குப் போனாலும் முதல் நாள் எதையும் இடம் மாற்றுவதில்லை. நாற்காலி கோணலாக இருந்தாலும், விளையாட்டு மூலை அலங்கோலமாகத் தெரிந்தாலும் விட்டுவிடுகிறேன். நமக்கு அலங்கோலமாகத் தெரிவது பிள்ளைக்கு வழிகாட்டும் அடையாளமாக இருக்கக்கூடும். கைப்பேசியில் அறையின் நான்கு சுவர்களையும், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், படம் எடுத்து வைத்துக்கொண்டால் மாலையில் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். பிள்ளைகளையே படம் எடுத்து உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது வேறு. அதைப் பெற்றோர் சம்மதமின்றிச் செய்யவே கூடாது.

'எங்கள் டீச்சர் எங்கே?' என்று பிள்ளைகளே உங்களிடம் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். "டீச்சருக்குப் பாப்பா பிறந்திருக்கிறது, வீட்டில் ஓய்வெடுக்கிறார், அதுவரை நான் இருப்பேன்" என்பது போதும். நாளைக்கே வந்துவிடுவார் என்று சமாதானத்துக்காகச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் அடுத்த நாள் வாசலில் நின்று பார்ப்பார்கள்.

வீட்டுச் சொற்களை அறிந்துகொள்ளுங்கள்

இந்தப் பட்டணத்துப் பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் பேசுவார்கள். ஒரு பிள்ளை 'ஒன்னுக்கு வருது' என்று சொல்லும். இன்னொன்று 'கென்சிங்' என்று சொல்லும். மூன்றாவது பிள்ளை எதுவும் சொல்லாமல் உங்கள் சட்டையை இழுக்கும். ஒவ்வொரு பிள்ளையும் கழிப்பறைக்கும், தண்ணீருக்கும், வலிக்கும், தூக்கத்துக்கும் என்ன சொல்கிறது என்று முதல் நாளே குறித்து வையுங்கள். பிள்ளைக்கு உங்களிடம் நம்பிக்கை பிறப்பது இந்த நான்கு சொற்களில்தான். கெமாஸ் பாலர்பள்ளியில் நிற்கும்போது வகுப்பு மலாயில் நடந்தாலும், தமிழ்ப்பிள்ளை விழுந்து அழும்போது அதன் மொழியில் ஒரு சொல் சொல்லித் தூக்குவதை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

வகுப்பு நேரம்

பாடத்தைப் பற்றிப் புதியவர்கள் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டம் விளையாட்டின் வழியும், கருப்பொருளின் வழியும் கற்பதைத்தான் வலியுறுத்துகிறது. ஆசிரியை எழுதி வைத்திருக்கும் பாடக்குறிப்பில் 'என் குடும்பம்' என்று கருப்பொருள் இருந்தால் அதையே தொடருங்கள். உங்களுக்கு நன்றாக வரும் என்பதற்காக 'வாகனங்கள்' நடத்த வேண்டாம். பாடக்குறிப்பே இல்லாத அவசர நாளுக்காக ஒரு துணிப்பையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என் பையில் இரண்டு கதைப்புத்தகம், ஒரு கைப்பொம்மை, கழுவிக் காயவைத்த ரப்பர் விதைகள் ஒரு டப்பா, நூல்கண்டு, தடித்த வண்ணப் பென்சில்கள் ஆகியவை எப்போதும் இருக்கும். ரப்பர் விதையை எண்ணலாம், வரிசையாக அடுக்கலாம், ஒவ்வொன்றின் மேலும் உள்ள கோலத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. அதில் நஞ்சுத்தன்மை உண்டு, தொண்டையிலும் சிக்கும். ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக்கூட அருகில் உட்கார்ந்துகொண்டு, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும் இடைவெளியில்தான் வகுப்பு கைமீறும். கை கழுவப் போகும் வரிசை, செருப்பு மாட்டும் நேரம், சாப்பாட்டுக்கு முன் காத்திருக்கும் ஐந்து நிமிடம் ஆகிய இவற்றுக்கென்று ஒரு பாட்டோ விரல் விளையாட்டோ உங்களிடம் இருக்க வேண்டும். குரலை உயர்த்துவதால் பயனில்லை. கையை ஓங்குவதைப் பற்றி நினைக்கவே கூடாது. "இரண்டு போடு போடுங்க டீச்சர், அப்பத்தான் கேப்பான்" என்று பாட்டியே வந்து சொன்னாலும் கூடாது.

நோய், காயம், சந்தேகம்

வாசலில் ஒவ்வொரு பிள்ளையையும் வரவேற்கும்போதே உள்ளங்கை, பாதம், வாய் மூன்றையும் பார்த்துவிடுங்கள். கை, கால், வாய்ப்புண் நோய் நம் நாட்டுப் பாலர்பள்ளிகளில் அடிக்கடி பரவுகிறது. 1997இல் சரவாக்கில் அந்நோய் பரவியபோது சிறுபிள்ளைகள் உயிரிழந்தார்கள். கொப்புளம் தெரிந்தால் பிள்ளையை உள்ளே சேர்க்காமல், கொண்டுவந்தவரிடம் பக்குவமாகச் சொல்லிக் கிளினிக்குக்கு அனுப்புங்கள். நாள் சம்பளத்தை இழக்கும் தாய் கோபப்படுவார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. உங்கள் முடிவிலும் நியாயம் இருக்கிறது. அந்தக் கிருமிக்குக் கைத்தூய்மிக் களிம்பு போதாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும்.

பிள்ளை விழுந்து அடிபட்டால், சிறிய சிராய்ப்பாக இருந்தாலும், நேரத்தோடு எழுதி வைத்து அன்றே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். உடை மாற்றுவதும் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் உதவியாளரின் கண்ணுக்குத் தெரியும்படி நடக்கட்டும். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

உடம்பில் விளக்கமில்லாத தழும்பையோ, பிள்ளையின் பேச்சில் அச்சுறுத்தும் செய்தியையோ கண்டால், 'நான் நான்கு நாள் வந்துபோகிறவள், எனக்கெதற்கு' என்று ஒதுங்க வேண்டாம். 2001ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டம், குழந்தையைப் பராமரிப்பவர் கொடுமையைச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் சமூக நல அதிகாரியிடம் தெரிவிப்பதைக் கடமையாக்கியிருக்கிறது. தெரிவிக்காதிருப்பது குற்றம். பிள்ளையைக் குடைந்து குடைந்து விசாரிக்காதீர்கள். அது சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதி, நிலையத் தலைவரிடம் கூறுங்கள்; அவர் அதை மூடி மறைக்கப் பார்த்தால் தாலியான் காசே எனப்படும் உதவித் தொலைபேசி எண் 15999ஐ அழையுங்கள்.

மாலையில் பிள்ளையை ஒப்படைத்தல்

நாளின் மிக ஆபத்தான கால்மணி நேரம் இதுதான். உங்களுக்கு யாரையும் தெரியாது. வருகிறவர்களோ தங்களை எல்லாருக்கும் தெரியும் என்று எண்ணி வருவார்கள். "நான் சித்தப்பாதான், அனுப்புங்க" என்று மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து நின்றால், பிள்ளை அவரை நோக்கி ஓடினாலும் பட்டியலில் பெயர் இல்லாமல் அனுப்பாதீர்கள். பிரிந்து வாழும் பெற்றோர்களின் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள், அவர்களில் சிலருக்கு நீதிமன்ற உத்தரவும் இருக்கும். "கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா, நான் புதியவள், அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் உள்ள எண்ணை நீங்களே அழையுங்கள். அவர் நீட்டும் கைப்பேசியில் பேசி உறுதி செய்யக் கூடாது. வேன் அங்கிளிடம் பிள்ளைகளை ஏற்றும்போது தலையை எண்ணி, இருவரும் ஒரே எண்ணைச் சொன்ன பிறகே கதவை மூடச் சொல்லுங்கள். பிறகு கழிப்பறை, விளையாட்டு மூலை, வேனின் கடைசி இருக்கை மூன்றையும் போய்ப் பாருங்கள். தூங்கிவிட்ட பிள்ளை சத்தம் போடாது.

திரும்பி வருகிறவருக்காக எழுதுங்கள்

ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: எந்தப் பாடம் எவ்வளவு தூரம் நடந்தது, யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல், யார் முதல்முறையாகத் தன் பெயரை எழுதினாள், எந்த அம்மா கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லிச் சென்றார் என்பவை போதும். பிள்ளைகள் செய்த கைவேலைகளைப் பெயரும் தேதியும் எழுதி ஆசிரியையின் மேசையில் அடுக்குங்கள். அவருடைய முறை தவறு என்று உங்களுக்குத் தோன்றினால் அதைப் பெற்றோரிடமோ உதவியாளரிடமோ சொல்லாமல், அவர் வந்தபின் அவரிடமே தனியாகச் சொல்லுங்கள்.

கடைசி நாளில் சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு முகத்தை இழந்து, இப்போதுதான் உங்களிடம் பழகியிருக்கிறார்கள். இரண்டு நாளுக்கு முன்பே, "திங்கட்கிழமை உங்கள் டீச்சர் வருவார், நான் வீட்டுக்குப் போவேன்" என்று வட்டத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். திரும்பி வரும் ஆசிரியைக்குக் கொடுக்க ஆளுக்கொரு படம் வரையச் சொல்லுங்கள். முடிந்தால் அவர் வரும் காலையில் ஒரு மணி நேரம் நீங்களும் இருந்து, பதிவேட்டையும் சாவியையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பையை மாட்டி முடித்த பிறகு கிளம்புங்கள்.